மரகதத்தின் பல்வலி

அக்கரைத் தீவில் கட்டிக்கொடுத்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததுமே மரகதம் என்ற மந்தி மூட்டை கட்டிவிட்டாள்.

படகுக்காரன் ஒரு நீர்நாய். "ஆளுக்கு ஒரு மூட்டைதான் அக்கா. மிச்சத்தை ஆமைகிட்ட குடுங்க. ரெண்டு பழம் குடுத்தா போதும், கொண்டுவந்து சேர்த்துடுவான். என்ன, கொஞ்சம் மெதுவா வருவான்" என்றான்.

"அவன் வர்றதுக்குள்ள என் பேரன் மரமே ஏறிடுவான்" என்று முணுமுணுத்தாள் மரகதம். பழத்தையும் விட மனசில்லை. புதருக்குப் பின்னால் போய், மகளுக்கென்று கொண்டுவந்ததில் ஒரு மூட்டைக்கு மேல் மிச்சமிருந்த வறுத்த கடலை முழுவதையும் இரண்டு கன்னத்திலும் அடக்கிக்கொண்டு வந்தாள்.

நீர்நாய் உற்றுப் பார்த்தான். "என்னக்கா, கன்னம் இப்படி வீங்கிக் கிடக்கு?"

மரகதம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள்.

"பல்வலியா? அடப் பாவமே!" என்று அவனே சொல்லி, நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்தான். வழியெல்லாம் மற்றவர்கள் பலாச்சுளை தின்றார்கள். மரகதம் வேடிக்கை பார்த்தாள்.

கரையில் மகள் ஓடிவந்தாள். "அம்மா! பயணமெல்லாம் சுகமா?"

மரகதம் தலையை மட்டும் ஆட்டினாள். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என் மேல கோபமாம்மா? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

பெற்ற மனம் எவ்வளவு நேரம் தாங்கும்? "உன் மேல எனக்கென்னடி கோபம், கண்ணு!" என்று கதறிவிட்டாள் மரகதம். மணல் முழுக்கக் கடலை சிதறியது.

நீர்நாய் குனிந்து ஒன்றைப் பொறுக்கி, ஊதி, வாயில் போட்டு மென்றான்.

"பல்லு நல்லா வறுபட்டிருக்கு அக்கா" என்றான்.