லோரீன் கேட்ட தோட்டா

"பன்னிக்கும் ஆகணும், நரிக்கும் ஆகணும். ரெண்டு துப்பாக்கியெல்லாம் கட்டுப்படியாகாது. எந்த அளவுத் தோட்டா போடுற துப்பாக்கி வாங்கலாம், நீயே சொல்லு ராய்ஸ்."

கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள் லோரீன் கோத்மன்.

துடைத்துக்கொண்டிருந்த துப்பாக்கியைக் கீழே வைத்தார் ராய்ஸ். டெக்சஸில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், மதியச் சாப்பாடு மறந்துபோகும்.

"உங்களுக்கா அக்கா?"

"எனக்கெதுக்கு? ஆல்வினுக்கு. என் வீட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமை எண்பது வயசு முடியுது. நிலக்கடலைக் காட்டைப் பன்னி உழுது போட்டுடுது, ஆட்டுக்குட்டியை நரி தூக்கிட்டுப் போயிடுது. மனுஷன் துப்பாக்கி துப்பாக்கின்னு உயிரை வாங்குறாரு."

"இவ்வளவுதானே?" ராய்ஸ் சுவரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இருநூத்தி இருபத்திமூணாம் அளவு. கையில பஞ்சு மாதிரி இருக்கும், தோளை இடிக்காது. நரிக்கு இது போதும். பன்னிக்குத்தான் கொஞ்சம் பத்தாது. காதுக்குப் பின்னால கரெக்டா பட்டா விழும். தள்ளிப் பட்டா அதுக்குக் கோபம்தான் வரும்."

"இதுக்குத் தோட்டா கிடைக்குமா?"

"மளிகைக் கடையிலேயே கிடைக்கும் அக்கா!"

லோரீன் உதட்டைப் பிதுக்கினாள்.

மூலை நாற்காலியிலிருந்து ஒரு கனைப்பு வந்தது. வெர்னல். லோரீனின் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் உட்கார்ந்தால் நாற்காலி கண்ணுக்குத் தெரியாது. எதையும் வாங்க மாட்டார். தினமும் வந்து ராய்ஸின் காபியைக் குடித்துவிட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் யோசனை சொல்வதோடு சரி.

"அது அணில் சுடுற துப்பாக்கி. முந்நூத்தி எட்டு வாங்கு லோரீன். பன்னின்னா தோல் தடி, உள்ளே கொழுப்பு. ஒரே குண்டு, நின்ன இடத்துலேயே படுத்துடணும்."

"அதே குண்டுல நரியை அடிச்சா வால்தான் மிஞ்சும்," என்றார் ராய்ஸ் எரிச்சலோடு. "தோலை என்ன, சல்லடையாவா விக்கிறது?"

"நரித்தோலை இப்ப யாருய்யா வாங்குறான்? நீ முந்நூத்தி எட்டே வாங்கு லோரீன். வெர்னல் சொன்னான்னு ஆல்வின்கிட்ட சொல்லு, சந்தோஷப்படுவாரு."

லோரீன் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு அதுதான் பிடிச்சிருக்கா வெர்னல்?"

"கண்ணை மூடிக்கிட்டு வாங்கு!"

"தோட்டா?"

"எந்த ஊருக்குப் போனாலும் கிடைக்கும்."

அதுவும் வேண்டாம் என்பதுபோல் அவள் கையை அசைத்தாள். ராய்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் மனசுக்குப் பிடித்ததைக் கடைசியாக எடுத்து வைத்தார்.

"இருநூத்தி நாப்பத்திமூணு. பன்னியும் விழும், நரித்தோலும் தப்பிக்கும். தோட்டாவைப் பத்திக் கவலையே வேண்டாம். பாருங்க, அலமாரி நிறைய அடுக்கி வெச்சிருக்கேன்."

லோரீன் அலமாரியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். ராய்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. தோட்டா கிடைக்காது என்று பயப்படுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். கிடைக்கும் என்றால் முகம் வாடுகிற வாடிக்கையாளரை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"அதோ, மான் கொம்புக்குக் கீழே மாட்டியிருக்கே, அது என்ன?"

"அதுவா?" ராய்ஸின் குரல் குழைந்தது. "ராஜா அக்கா அது. பன்னிக்கும் நரிக்கும் அதைவிடப் பொருத்தமான அளவு இன்னும் பொறக்கலை. ஆனா சும்மா அழகுக்குத்தான். அந்தத் தோட்டா செஞ்ச கம்பெனி எங்க தாத்தா காலத்துலேயே மூடியாச்சு."

லோரீனின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "ஊர்ல ஒருத்தர்கிட்டயும் இருக்காதா?"

"நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது."

"சில பேர் வீட்டுலேயே தோட்டா செய்யறாங்களே?"

"அதுக்குச் சுட்ட தோட்டாவோட வெத்துக் குப்பியாவது கிடைக்கணுமே!"

"இதையே கட்டிக் குடு."

ராய்ஸ் பதறிப்போனார். வியாபாரம் வேறு, மனச்சாட்சி வேறு. "அக்கா, சொன்னது காதுல விழலையா? இதால ஒரு குண்டுகூடச் சுட முடியாது. பிறந்தநாளும் அதுவுமா இதைப் போய்க் குடுத்தீங்கன்னா, ஆல்வின் நேரா வந்து என் கடையை உடைப்பாரு!"

"வழி தெரிஞ்சாத்தானே வருவாரு? ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷனுக்கும் வர மாட்டேங்கிறாரு, வேட்டையையும் விட மாட்டேங்கிறாரு. பன்னிக்குக் கூண்டு வெச்சுட்டேன். ஆட்டுக்குக் காவலா, நரியை உதைச்சு விரட்ட ஒரு கழுதையை வாங்கி விட்டுட்டேன். இதைக் கையில குடுத்துட்டா, 'இதுதான்டி சரியான அளவு'ன்னு கட்டிப் பிடிச்சுக்குவாரு. அப்புறம் ஊர் ஊராப் போன் போட்டுத் தோட்டா தேடியே பொழுதை ஓட்டிடுவாரு."

வெர்னல் காபி சிந்தச் சிரித்தார். "பாவம்மா மனுஷன்! ஒரு முந்நூத்தி எட்டு இருந்தா, கடைசியா ஒரு பெரிய பன்னியையாவது சாய்ச்சிருப்பாரே!"

லோரீன் கைப்பையை மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"செவ்வாய்க்கிழமை எங்க வேலியோரமாக் குனிஞ்சு கம்பி கட்டிக்கிட்டிருந்தியே வெர்னல், 'எவ்வளவு பெரிய பன்னி பாரு லோரீன்'னு அவரு கைத்தடியை நீட்டிக் குறி வெச்சது உன்னைத்தான்."