எஃப்.கே.எம். துணைச் செயலாளர்

வாசலில் நின்ற லாரியில் கடைசிப் பெட்டியும் ஏறிவிட்டது. இனித் தம்பி கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

சரக்கு வாங்க வந்த நவ்ஃபல் தன் அட்டையை மேசையில் வைத்தார். பெயர் சின்னதாக இருந்தது. அதற்குக் கீழே, அவர் உறுப்பினராக இருக்கும் வியாபாரச் சங்கங்களின் சுருக்கப் பெயர்கள் ரயில் போல நீண்டன.

தம்பி லஸ்ஹர் பூரித்துப் போனான். நான் அட்டையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

போன வருடம் மழையில் குலையெல்லாம் அழுகிவிட்டது. இந்த வருடம் அவனுக்கென்று இருப்பது இந்த ஒரு லாரிப் பேரீச்சைதான். பிரான்சில், மார்செய்யில் விற்ற பிறகு பணம் தருவாராம். லாரி தோசர் நகரைத் தாண்டினால் கிணற்றில் போட்ட கல்தான்.

வந்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கும் ஆளை நான் நம்புவதில்லை.

ஒவ்வொரு சுருக்கத்துக்கும் விரிவு கேட்டேன். தடுமாறாமல் சொன்னார். மேசைக்கு அடியில் பூனை புரண்டு படுத்தது.

“போதும்க்கா. நீ சர்க்கரையிலயும் புழு தேடுவ” என்றான் லஸ்ஹர்.

கடைசியில் இருந்த எஃப்.கே.எம். மீது விரலை வைத்தேன்.

“ஃபெடரேஷன் கெபிலி - மார்செய். ரெண்டு ஊர் வியாபாரிகளோட கூட்டமைப்பும்மா. அதுல நான் துணைச் செயலாளர். போன மாசக் கூட்டத்துக்குத் தலைவரால வர முடியல, உடம்பு சரியில்ல. நான்தான் நடத்திக் கொடுத்தேன்.”

லஸ்ஹர் பேனா மூடியைத் திறந்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

“பெட்டியெல்லாம் கீழ இறக்குங்கப்பா.”

எங்கள் ஊர்ப் பேரீச்சைச் சங்கத்துச் செய்திமடலை நடத்துவது நான்தான். அதன் கடைசிப் பக்கத்தில் சுருக்கப் பெயர்களுக்கு விரிவு போடுவேன். எவனோ வருடா வருடம் அதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பிடிக்கத்தான் இந்த முறை, உலகத்தில் எங்கும் இல்லாத ஒரு கூட்டமைப்பையும் சேர்த்துவைத்தேன்.

அதற்கு முதலில் மூன்று எழுத்துகள் வேண்டியிருந்தன. வீட்டில் மூன்று பூனைகள். ஃபர்ஃபூரா, கஹ்லா, மிஷ்மிஷ். விரிவை அப்புறம் யோசித்துக்கொண்டேன்.

நவ்ஃபல் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஃபர்ஃபூரா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, சோம்பல் முறித்து, அவர் கால்சட்டையை உரசிக்கொண்டு போனது.

தலைவருக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது.