மாற்றல் வேண்டாம்

பழைய மரத்தில் ஒட்டியிருக்கும் சாயத்தைச் சுரண்டி, ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தால்தான் அந்தத் தொழிற்சாலையில் அதை அரைத்துப் புதுப் பலகையாக்க முடியும். சுரண்டும் பிரிவில் தூசி ஆளை விழுங்கும். மற்றவர்கள் அங்கிருந்து தப்பிக்க வழி தேட, அவள் மட்டும் நகர மறுத்தாள்.

"அம்மா, பேக்கிங்ல ஒரு இடம் காலியா இருக்கு. உங்களுக்காகத்தான் கேட்டு வாங்கினேன்" என்றான் இளம் சூப்பர்வைசர். வயதில் மூத்த பெண்கள் எல்லோருமே அவனுக்கு அம்மாதான்.

"வேண்டாம் தம்பி. இங்கேயே இருந்துடறேன்."

"இந்த இருமல் இருமறீங்களே, வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்களா?"

"வீட்டுல நான் மட்டும்தான்."

"பிள்ளைங்க?"

சுரண்டிக்கொண்டிருந்த கை நின்றது. "ஒரு பையன்."

"உங்களைத் தனியா விட்டுட்டானா? என்ன பையன் அவன்!"

"அவனைத் திட்டாதீங்க தம்பி. தங்கமான பிள்ளை. தினமும் என்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிடுவான். எனக்கு அது போதும்."

"அப்போ அவன் பேச்சையாவது கேளுங்க. இந்தத் தூசி வேண்டாம்னுதான் அவனும் சொல்லுவான்."

"சொல்லிட்டான்" என்றாள்.

அவன் அலுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். அவள் முகமூடியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வளர்க்க வழியில்லாமல், பெற்ற கையோடு ஆஸ்பத்திரியிலேயே பிள்ளையில்லாத ஒரு தம்பதியிடம் அவள் கொடுத்த குழந்தை அவன். அவன் வளர்வதைத் தூரத்திலிருந்தே பார்த்திருந்தாள். அவன் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அவளும் வந்து சேர்ந்தாள். அவனுக்கு எதுவும் தெரியாது.

பேக்கிங் பிரிவைப் பார்ப்பது வேறு சூப்பர்வைசர்.