பூட்டின வீட்டில் இடமில்லை

“பூட்டிக் கெடக்குற வீட்டுல இடமில்லன்னு சொல்லுதுங்க!” என்றாள் ஜெயப்பிரியா போனில்.

“எந்த வீட்டுல?” என்றான் அவள் புருஷன் லிங்கராஜ்.

“நம்ம புதூர் வீட்டுலதான். காலையில இருந்து பேக்கப் அனுப்புதேன். முக்காவாசி போகுது, அப்புறம் நின்னுருது. அந்தப் பக்கம் ஹார்டு டிஸ்க் நெறஞ்சிட்டாம்.”

கோவில்பட்டியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, கடைக்காரர்களுக்கு வெப்சைட் நடத்திக் கொடுப்பது அவள் பிழைப்பு. அன்றைய தலைவலி சோலைச்சாமி அண்ணாச்சியின் வரன் பார்க்கும் சைட். ஊர்ப்பட்ட ஜாதகமும் போட்டோவும் அதில்தான் கிடந்தன. பழைய சர்வரைச் சாயங்காலம் மூடிவிடுவார்கள். அதற்குள் ஒரு நகல் புதூர் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராவிட்டால், அண்ணாச்சி இத்தனை வருஷம் அலைந்து சேர்த்தது அத்தனையும் காற்றோடு போய்விடும்.

அவள் வேலையின் நகல்களைச் சேர்த்து வைக்க அந்தக் கம்ப்யூட்டரை வைத்தது லிங்கராஜ்தான். புதூருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் தனியாக ஒரு வீடு கட்டி, சோலாரும் நெட்டும் இழுத்துவிட்டு, அப்புறம்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறினான். சொந்தக்காரர்கள் பஸ் ஸ்டாப்பில் பிளெக்ஸ் வைத்து வழியனுப்பிய அமர்க்களம் ஊருக்கு இன்னும் மறக்கவில்லை. முன்கதவுச் சாவி இவளிடம். பின்கதவுச் சாவி அவன் பெட்டியோடு போய்விட்டது. ரெண்டு வருஷமாக அவன் வெறும் குரல்தான். வீடியோ கால் அங்கே எடுக்காதாம்.

“நாம அனுப்புனது கொஞ்சந்தானேங்க. மிச்ச எடத்த எது அடச்சிக்கிட்டுக் கெடக்கு?” என்று தேடிக்கொண்டே போனவள் நிமிர்ந்தாள். “எல்லாம் வீடியோங்க. நான் வச்ச கேமரா எடுத்தது.”

“கேமராவா? எப்ப வச்ச?”

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் போனேன்லா, அப்ப. அடுப்படிப் பின்கதவு வழியா எவனும் வந்து கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுல்லா. பல்பு மாதிரியே இருக்கும், அங்கன ஹோல்டர்ல மாட்டிருக்கேன். உங்ககிட்ட சொன்னேன்னு நெனச்சேன்.”

“சொல்லல.”

மாட்டிய கையோடு அவளும் அதை மறந்துதான் போயிருந்தாள். இப்போது அது ஞாபகம் வந்தபோது இன்னொன்றும் கூடவே வந்தது. அந்தக் கேமரா சும்மா ஓடாது. எதிரே ஏதாவது அசைந்தால் மட்டும்தான் பதியும்.

வெளியே உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. தலைக்கு மேலே ஃபேன் ஓடியும் அவளுக்குக் கழுத்தெல்லாம் வேர்த்தது.

“ஏங்க, ஆடு மேய்க்கிற பெருமாயி அத்த ஒண்ணு சொன்னாவ. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். உச்சியில நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருமுத சத்தம் கேக்காம். அவிய ஆட்ட அந்தப் பக்கமே பத்துறதில்லையாம்.”

“அவியளுக்கு வேற வேல இல்ல.”

“எனக்குப் பயமா இருக்குங்க. ஒண்ணே ஒண்ணத் தெறந்து பாக்கட்டா?”

“வேண்டாம்!” என்று அதட்டினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “ஏட்டி, அது ஒண்ணுமில்ல. அடுப்படிச் சுவருல விரிசல் விட்டுருக்குல்லா? உச்சியில வெயிலு அது வழியா உள்ள விழும். அந்தக் கீத்து நகருதத கேமரா ஆளுன்னு நெனச்சிக்கிடுது. எல்லாத்தையும் அழிச்சிட்டு அண்ணாச்சி வேலையப் பாரு.”

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கரிசல் மண்ணில் கட்டின வீடு விரிசல் விடாமல் என்ன செய்யும்? கோடையில் மண் வாய் பிளந்தால் சுவரும் கூடவே பிளக்கத்தானே செய்யும். பேயும் இல்லை, பிசாசும் இல்லை, வெறும் வெயில்! தன் பயத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

வீடியோக்களை மொத்தமாக அள்ளி அழித்தாள். பேக்கப்பை விட்ட இடத்திலிருந்து தொடரச் சொன்னாள். இந்தத் தடவை அது முரண்டு பிடிக்காமல் போய்ச் சேர்ந்தது.

“போயிட்டுங்க! அண்ணாச்சி தப்பிச்சாவ. நீங்க மட்டும் இங்கன இருந்தா எனக்கு எதுக்கு இந்தப் பாடு? எப்பதான் வருவீங்க?”

“வாரேன்ட்டி. வெறுங்கையோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?”

ஒரே ஒரு வீடியோ மட்டும் அழிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. பார்க்கப் பார்க்க அதன் அளவு ஏறிக்கொண்டே போனது. இந்த நிமிஷம் பதிவாகிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. வெயில் கீற்று எப்படித்தான் நகர்கிறது, பார்ப்போமே என்று கேமராவை நேரடியாகவே திறந்தாள்.

அடுப்படிச் சுவரின் மேல்பாதி தெரிந்தது. அவன் சொன்னது போலவே, விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். படம் மெல்லக் கீழே தெளிந்துகொண்டு வந்தது.

“ஆத்தாடி, எம்புட்டுப் பெரிய விரிசல்! பொங்கலுக்கு நான் வெள்ளையடிச்சப்ப ஒரு கீறல்கூட இல்ல. இந்தச் சித்திர வெயிலுக்குத்தான் விட்டுருக்கணும்...” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். “ஏங்க, நீங்க மஸ்கட்ல இருந்துக்கிட்டு இத எப்பப் பாத்தீங்க?”

போனில் இருமல் சத்தம் கேட்டது.

விரிசலுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒரு தாடிக்காரன், காதில் போனோடு எழுந்து நின்று, நேராகப் பல்பை நிமிர்ந்து பார்த்தான். “ஜெயா” என்றது போன். ஒரு நொடி கழித்து, படத்தில் அவன் உதடு அசைந்தது.