பின்னால் வந்த டயர்

ஊர் ஊராகச் சுற்றும் ஒரு மோட்டார் சைக்கிளின் முன் டயருக்குத் தன்னைப் பற்றிப் பெருமை அதிகம். மேடானாலும் மணலானாலும் தான்தான் வண்டியை இழுத்துப் போவதாக அது நினைத்திருந்தது.

ஒருநாள் வண்டிக்குச் சொந்தக்காரி டெல்ஃபின் டயர் கடையில் வந்து நின்றாள். பின் டயர் மொட்டையாகத் தேய்ந்திருந்தது.

"இது மழையில வழுக்காதும்மா, ஆனா சீக்கிரம் தேஞ்சிடும். அது ரொம்ப நாள் உழைக்கும், ஈரத்துல மட்டும் கொஞ்சம் பயம்," என்றார் கடைக்காரர், இரண்டு புது டயர்களை எடுத்து வைத்து.

டெல்ஃபின் இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள். "மலைக்குப் போறேண்ணே. வழுக்காததையே மாட்டுங்க."

கழற்றிய பழைய டயரை முன் டயருக்கு எதிரே சுவரில் சாய்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இரண்டும் முகம் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"நாம ஒரே தூரம்தானே ஓடினோம்? நீ மட்டும் ஏன் இப்படித் தேஞ்சு போயிட்டே?" என்று கேட்டது முன் டயர்.

"வண்டியைத் தள்ளினது நான்தானேப்பா," என்றது பழைய டயர், சாதாரணமாக.

முன் டயர் அதிகம் தேயாத தன் உடம்பைப் பார்த்துக்கொண்டது. "ஒரு தடவைகூடச் சொல்லலியே?"

"நீ கேக்கவே இல்லையே."

அதற்குள் புது டயரை மாட்டிவிட்டார்கள். டெல்ஃபின் ஹேண்டில்பாரை ஒடித்து வண்டியைத் திருப்பியபோது, முன் டயர் ஆவலோடு சுவரைப் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. மூலையில் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் தன்னோடு வந்தது எது என்று அதற்கு அடையாளம் தெரியவில்லை.