சரளைச் சத்தம்

“கால் வெச்சா சத்தம் வரணும்ப்பா. நறநறன்னு உள்ளே இருக்கிற எனக்குக் கேக்கணும். புரியுதா?”

வீட்டுக்காரர் இதையே மூன்றாவது தடவையாகச் சொன்னார். டிராக்டர்காரர் தலையைச் சொறிந்தார். கேட்டிலிருந்து வாசற்படி வரைக்கும் பாதை மழையில் குண்டும் குழியுமாகக் கிடந்தது. லாரி கொட்டிவிட்டுப் போன சரளை ஒரு பக்கம் குவிந்திருந்தது.

“சத்தம் வேணும்னா சரளையை அமுக்காம விடணும் சார். அமுக்கினாத்தான் பாதை நாள்பட நிக்கும். எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்க.”

“எல்லாரும் கேக்கிறதை அவங்கவங்க வீட்டுல போய்ச் செய். இங்கே நான் சொல்றதைச் செய். இன்னொண்ணு, ஒரு குழி இருக்கக் கூடாது. ஒண்ணுகூட!”

“திருட்டுப் பயமா சார்?”

“உன்னைக் கேள்வி கேக்கவா கூப்பிட்டேன்?”

சரியான சிடுமூஞ்சி! டிராக்டர்காரர் வண்டியைக் கிளப்பினார். பின்னால் மாட்டியிருந்த பிளேடை இறக்கி, மேடுகளைச் சுரண்டிக் குழிகளை நிரப்பினார். பிறகு சரளையை இழுத்துப் பரப்பினார். வீட்டுக்காரர் கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வீட்டோரக் குழாய்க்குப் போனபோது, முன்னறை ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பி... சித்த இப்படி வாங்க.”

வீட்டுக்கார அம்மா கட்டிலில் படுத்திருந்தார். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததாம், எழுந்திருக்க முடியாது. “அவர் பார்க்கிறாரா?” என்று கிசுகிசுத்தார்.

“கேட் பக்கத்துல இருக்கார்மா. இங்கே தெரியாது.”

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும் தம்பி. இந்த ஜன்னல் பக்கத்து ஓரத்தை மட்டும் சத்தம் வராதபடி அமுக்கி விட்டுடுங்க. மத்தியானம் அவர் தூங்குறப்போ என் பொண்ணு இந்த ஓரமா வந்து என்னைப் பார்த்துட்டுப் போவா. பிடிச்சவனைக் கட்டிக்கிட்டாள்னு, ‘செத்தாலும் உன் முகத்துல முழிக்க மாட்டேன்’னு சத்தியம் பண்ணின மனுஷன் அவர். எப்படியோ மோப்பம் பிடிச்சிட்டார். அவளைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான் இந்தச் சரளை. அவளும் வராமப் போயிட்டா நான் யார் முகத்தைப் பார்த்துட்டுப் படுத்திருப்பேன்?”

பெற்ற பெண்ணுக்குப் பொறி வைக்கிற அப்பனும் உலகத்தில் உண்டா?

“கவலைப்படாதீங்கம்மா. நான் பார்த்துக்கறேன்.”

வண்டியில் ஏறினார். பிளேடைச் சாய்த்து, ஜன்னலோரத்துச் சரளையை நடுப்பக்கம் வழித்தார். வெறும் மண் தெரிந்த இடத்தில் பெரிய சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஏற்றி அமுக்கினார்.

“ஏம்ப்பா! அந்த ஓரத்துலயே எதுக்குச் சுத்திச் சுத்தி வர்றே?”

டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தாமலே, “நடு உசந்தாத்தான் சார் தண்ணி ரெண்டு பக்கமும் வடியும்! ஓரம் தாழ்ந்துதான் இருக்கும்!” என்று எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்தினார். தொழிலில் அது உண்மைதான். அதனால்தான் அந்தப் பொய் சுலபமாக வந்தது.

கடைசியில் இறங்கி, அமுக்கிய இடத்தின் மேல் நாலு கல்லைக் காலால் தள்ளி ஒப்பேற்றினார். “முடிஞ்சுது சார்.”

வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பாதையின் நடுவில் நடந்தார். நறநற. வலது ஓரத்தில் நடந்தார். அங்கும் நறநற. முகத்தில் ஒரு திருப்தி. அப்புறம் ஜன்னலோரத்துக்குத் திரும்பினார். இன்னும் இரண்டே எட்டு.

“போதும் சார்!” டிராக்டர்காரர் குறுக்கே போய் நின்றுவிட்டார். வாய் அவரை முந்திக்கொண்டது. “பெத்த பொண்ணுக்குப் போய் யாராவது பொறி வைப்பாங்களா சார்?”

வீட்டுக்காரர் அப்படியே நின்றார். முகம் சிவந்தது. ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார். ‘போச்சு, நாமே அந்த அம்மாவைக் காட்டிக் கொடுத்துட்டோம்’ என்று டிராக்டர்காரர் பதறினார்.

வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து கேட் பக்கம் இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

“பொறியா? யோவ், அவ வாயும் வயிறுமா இருக்காய்யா! போன வாரம் பாதி தூரம் வந்தவ, ஜன்னல்ல என் தலையைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடினா. குழியில கால் மடங்கி விழப் பாத்தா. எனக்கு உயிரே போயிடுச்சு. அன்னையிலிருந்து அவ வரலை.”

“கூப்பிட்டு உள்ளே உக்கார வைக்கலாமே சார்?”

“சத்தியம் பண்ணின வாயை என்ன பண்றது?” அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “காலடிச் சத்தம் கேட்டா, அவ வாசலுக்கு வர்றதுக்குள்ளே நான் பின்பக்கமா வெளியே போயிடுவேன்ல? பயமில்லாம அம்மாகூட உக்காந்து பேசிட்டுப் போகட்டும். இதை உள்ளே சொல்லித் தொலைக்காதே.”

டிராக்டர்காரர் வண்டியில் ஏறி எஞ்சினைக் கிளப்பி, ஜன்னலோரமாகக் கொண்டுபோய்ப் பிளேடை இறக்கினார்.

“என்னப்பா, முடிஞ்சுதுன்னியே?”

“இந்த ஓரத்துல மட்டும் சத்தம் பத்தலை சார்.”