மயக்க மருந்து இல்லாத அறுவை

"ஏதாவது பேசுங்க அங்கிள்" என்றார் டாக்டர் தாரணி.

மருதப்பன் உடனே வாயைத் திறக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி லீலா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

குரல் நாணில் இருந்த கட்டியை அறுத்து எடுத்து ஒரு வாரம். கெட்ட கட்டி இல்லை. பழைய குரல் திரும்புமா என்பதற்கு மட்டும் டாக்டர் உத்தரவாதம் தரவில்லை. இந்த ஒரு வாரமும் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் மருதப்பனுக்கு இரும்புச் சாமான் கடை. விற்பதும் ரம்பம், பேசுவதும் ரம்பம் என்று தெருவே சொல்லும். பேரம் பேச வந்தவர்கள் அவருடைய ஜோக்குக்குப் பயந்தே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள்.

"அறுக்காதீங்க லா" என்று லீலா சொல்லாத நாள் இல்லை.

ஆபரேஷன் அன்று, நான்கு மொழிப் பலகையில் 'அறுவைச் சிகிச்சை' என்று தமிழில் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. வயலில் அறுத்தால் அறுவடை, ஆஸ்பத்திரியில் அறுத்தால் அறுவை, காதில் அறுத்தாலும் அறுவைதான் என்று, தள்ளுகட்டிலில் படுத்தபடியே தமிழ் நர்ஸுக்கு வியாக்கியானம்.

"வித்தியாசம் ஒண்ணுதாம்மா. இவங்க மயக்க மருந்து கொடுத்துட்டு அறுப்பாங்க. நான் அறுத்தே மயங்க வைப்பேன்."

நர்ஸ் சிரித்தாள். லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டால்?

"அங்கிள்?"

மருதப்பன் லீலாவைப் பார்த்தார். பிறகு டாக்டரை.

"கட்டியை நீங்களே எடுத்துக்கிட்டீங்களே டாக்டர், எடை போட்டு பில்லுல எவ்வளவு கழிப்பீங்க?"

கொஞ்சம் கரகரப்பு. ஆனால் அவர் குரலேதான்.

லீலா சிரித்தாள், அழுதாள், கைப்பையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள்.

"முதல் தடவைக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

மருதப்பன் பணிவாகத் தலையாட்டினார்.

முதல் தடவை இல்லை. முந்தாநாளே குளியலறையில் திருட்டுத்தனமாகச் சோதித்துப் பார்த்துவிட்டார். குரல் வந்திருந்தது. லீலாவிடம் சொல்லத்தான் ஓடி வந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால், தேக்கா சந்தையில் மீன் வாங்கும் சாக்கில் வந்து, அவர் கடையை எதிர்ச் சாரியில் நின்று பார்த்துவிட்டுப் போன கதை. இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை.

நடுவில் புகுந்து வெட்ட மனம் வரவில்லை. ஊமையாகவே உட்கார்ந்தார்.

அந்தக் கதை முடிந்ததும் அவளிடம் இன்னொன்று இருந்தது.